ஏரிக்கரைக் கேள்விகள்: வருஷம் முழுக்கப் பறவை பார்க்க, படம் எடுக்க

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஏரி. அதன் கரையில் பன்னிரண்டு வருஷமாக நடக்கிறேன். ஞாயிறு தவறாமல் என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் மாதத்துக்கு இரண்டு மூன்று ஞாயிறு. கழுத்தில் பைனாக்குலரும் தோளில் கேமராவும் தொங்கினால் யாராவது நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஆடு மேய்ப்பவர், கல்லூரிப் பையன்கள், சென்னையிலிருந்து காரில் வரும் குடும்பம். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் இங்கே.

டிசம்பர், ஜனவரிதானே பறவை சீசன்?

பாதி சரி. அந்த இரண்டு மாதத்தில் எங்கே போனாலும் ஏதாவது கண்ணில் படும். ஆனால் ஏரிப் பறவைகள் மாதத்தைப் பார்த்து வருவதில்லை, தண்ணீரைப் பார்த்து வருகின்றன. இதைப் புரிந்துகொள்ள எனக்கே மூன்று வருஷம் ஆயிற்று.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. நல்ல மழை என்றால் நவம்பர் கடைசிக்குள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும். அப்போது ஏரி அழகாக இருக்கும், பறவை குறைவாக இருக்கும். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா, மிதக்கும் நாமக்கோழி, கூழைக்கடா, இவற்றுக்குத்தான் ஆழம் வேண்டும். நின்று தின்னும் பறவைக்கு நிற்க இடமே இல்லை. அப்புறம் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் போகப் போக, ஏரி ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கும். அப்போது பறவைகள் கால் நீளத்தின் வரிசைப்படி வருவதைப் பார்க்கலாம். முதலில் நாரைகளும் பெரிய கொக்குகளும். தண்ணீர் ஒரு சாண் ஆனதும் நெடுங்கால் உள்ளான். வெறும் ஈரச் சேறு மிஞ்சும்போது விரலளவுக் கால் உள்ள சின்ன உள்ளான்கள். கடைசியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது ஆட்காட்டி.

அதனால் எந்த மாதம் போகலாம் என்று கேட்பதைவிட, ஏரியில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஊர்க்காரர் யாரையாவது போனில் கேட்பது நல்லது. பெருமழை பெய்த ஒரு வருஷம் நண்பர் ஒருவர் ஜனவரியில் குடும்பத்தோடு வந்து, நாமக்கோழியை மட்டும் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போனார். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது, சேறு இல்லை, அவ்வளவுதான்.

சரி, மாதவாரியாகக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பள்ளிக்கூடப் பாடத்து நான்கு பருவம் நமக்கு ஒத்துவராது. இலையுதிர் காலம் என்று ஒன்றை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. பழைய ஆறு பருவக் கணக்கு எவ்வளவோ தேவலை.

கார்காலம், அதாவது ஆவணி புரட்டாசி. வலசை வருபவற்றில் முந்திக்கொள்பவை இப்போதே வந்துவிடும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும். ஒரு காலையில் வேலிக்காத்தான் புதரிலிருந்து கரகரவென்று திட்டுவது போல ஒரு குரல் கேட்கும். பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஏரியில் மதகுக்கு இடப்பக்கத்துக் கருவேல மரத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் அந்தக் குரலை முதலில் கேட்கிறேன்.

கூதிர், ஐப்பசி கார்த்திகை: மழை. வெளியே போக முடிகிற நாள் குறைவு. ஆனால் நடவு வயலில் டிராக்டர் சேறு அடிக்கும்போது அதன் பின்னாலேயே நடந்து வரும் கொக்குக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். சக்கரம் புரட்டிப்போடும் பூச்சிக்கும் தவளைக்கும் அடிதடி நடக்கும். படத்துக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது.

முன்பனி, பின்பனி: மார்கழியிலிருந்து பங்குனி வரை. எல்லோரும் கேமராவோடு கிளம்பும் காலம். வாத்துகள், உள்ளான்கள், கூடு கட்டும் நாரைகள், சாயங்காலம் புகை மாதிரி சுழன்று அடையும் சூறைக்குருவிக் கூட்டம்.

இளவேனிலில், சித்திரை பிறக்கும்போது, கூட்டம் கலைந்துவிடும். அப்போதுதான் நான் கவனமாகப் போவேன். வடக்கே திரும்பும் பறவைகள் கல்யாணத்துக்கு உடுத்துவது போல இறகு மாற்றிக்கொள்ளும் நேரம் அது. டிசம்பரில் சாம்பல் நிறத்தில் எதற்கு எது என்றே தெரியாமல் நின்ற வளைமூக்கு உள்ளான், ஏப்ரலில் செங்கல் சிவப்பாகிவிடும். உள்ளூர் மடையானும் அப்படித்தான். வருஷம் முழுக்கச் சேற்று நிறத்தில் ஒளிந்திருந்தது, இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் கருஞ்சிவப்புப் போர்வை போட்டு வந்து நிற்கும். வேறு பறவை என்று நினைத்து என்னிடம் படம் அனுப்பியவர்கள் உண்டு.

முதுவேனில், ஆனி ஆடி: தூக்கணாங்குருவி. இதற்கென்றே ஒரு மாதம் ஒதுக்கலாம். கிணற்றின் மேல் சாய்ந்த ஈச்ச மரத்திலோ பனையிலோ ஆண் குருவிகள் பாதிக் கூடு கட்டி, அதில் தொங்கிக்கொண்டு இறக்கையடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும். பிடித்தால் ஆண் மீதியைக் கட்டி முடித்து நீளக் குழாய் வாசல் வைக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு தொப்பி மாதிரி அப்படியே தொங்கும். ஒரே பனையில் எத்தனை தொப்பி தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்த வருஷம் எத்தனை பேர் நிராகரிக்கப்பட்டார்கள் என்று தெரியும். கூட்டின் உள்ளே களிமண் உருண்டை ஒட்டியிருக்கும். அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைக்கிறது என்பது பாட்டி கதை. களிமண் நிஜம், விளக்கு இல்லை.

வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வந்து முட்டையிடுகின்றனவாமே?

ஒவ்வொரு நவம்பரிலும் செய்தியில் வரும் வரி இது. அங்கே மரத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கும் இடமாகப் பார்த்து ஏரி ஏரியாக அலைபவை. தூர தேசத்திலிருந்து வருபவை வேறு கூட்டம்: நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, உள்ளான்கள். அவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. வடக்கே குளிரில் தீனி கிடைக்காத மாதங்களை இங்கே ஓட்டிவிட்டு, முட்டையிட ஊருக்குத் திரும்பிவிடும். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. எடை 25 கிராம் சுமார்தான் இருக்கும். அது ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வந்து எங்கள் ஏரிச் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும்.

வேடந்தாங்கலின் நிஜக் கதை இந்த ஆஸ்திரேலியக் கதையைவிடச் சுவையானது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், வேட்டைக்காரர்களை உள்ளே விடாமல் காத்தார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே அந்தப் பாதுகாப்புக்கு அரசு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஏரி ஒன்றும் பெரிதில்லை, சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள்தான் அதன் சொத்து. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் போல வரும். சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் இருட்டும் வரை இருங்கள். இரை தேடப் போனவை திரும்பும் நேரம். மழை பொய்த்த வருஷம் போகவே வேண்டாம்.

வேறு எங்கே போகலாம்?

வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது, வாத்துகளுக்கு. ஆளரவம் குறைவு, எனக்கு அதுதான் பிடிக்கும்.

பூநாரை வேண்டுமென்றால் பழவேற்காடு அல்லது கோடியக்கரை. கோடியக்கரை தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம், 2002இல் அறிவித்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கரையோரப் பறவைகளை நாள் முழுக்கப் பார்க்கலாம்; கூடவே வெளிமானும் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை வாசலிலேயே இருக்கிறது. ஐ.டி. கட்டடம் பின்னணியில் பூநாரை நிற்கும் படம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

தென்மாவட்டத்தில் கூந்தன்குளம், நாங்குநேரி பக்கம். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும். வேடந்தாங்கல் காலியாகத் தொடங்கும்போது அங்கே இன்னும் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் வசதி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி கழித்து ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

என்ன கேமரா வாங்கலாம்?

முதலில் பைனாக்குலர் வாங்குங்கள். 8×42 என்று போட்டிருப்பது போதும்; எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம் என்று அர்த்தம். 10×42 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டும். கேமராவோடு தொடங்குபவர்கள் பறவையைப் பார்ப்பதே இல்லை. பின்னால் உள்ள திரையைப் பார்க்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

அதன் பிறகும் ஆசை விடவில்லை என்றால், இரண்டு வழி. நிக்கான் பி950 மாதிரி லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா ஒன்று. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அருமை, பறப்பதற்கும் மங்கல் வெளிச்சத்துக்கும் தடுமாறும். இன்னொன்று லென்ஸ் மாற்றும் கேமராவோடு 100–400 அல்லது 150–600 மி.மீ. லென்ஸ். விலையும் கனமும் ஏறும். பழையது வாங்குவதில் தப்பில்லை, ஆனால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? ஏரியையும் மரத்தையும் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள். ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் என்று பன்னிரண்டு எடுத்து வைத்தால், ஏரி நிரம்பி வற்றும் கதை கையில் இருக்கும். நான் எடுத்த மீன்கொத்திப் படங்களை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை, இதைக் கேட்கிறார்கள்.

கொக்கு எடுத்தால் வெள்ளைத் துணி மாதிரி வருகிறது. என்ன செட்டிங்?

கேமரா இருண்ட தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, கொக்கின் இறகு விவரமெல்லாம் அதில் அடித்துப் போய்விடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1க்கு இறக்குங்கள். வெளுத்த வானத்தின் எதிரே கறுப்புக் கரிச்சானை எடுக்கும்போது இதற்கு நேர் எதிர், பிளஸ் 1. ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்காத மூலக்கோப்பாக, எடுத்தால் பிறகு கொஞ்சம் சரிசெய்யலாம், வெளுத்துப் போனதை மட்டும் மீட்க முடியாது.

ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருந்தால் 1/500, பறந்தால் 1/2000. வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள்; அது ஏறினால் படத்தில் புள்ளி விழும். புள்ளி விழுந்த படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை முடியாது. ஃபோகஸ் கண்ணில். கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், அதாவது சேற்றில் படுங்கள். பழைய லுங்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

முக்கியமானது நேரம். காலை ஆறு முதல் எட்டரை. வெயில் ஏறினால் உப்பளத்திலும் காய்ந்த ஏரியிலும் கானல் ஆடும், எந்த லென்ஸும் கூர்மையாகக் காட்டாது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடியவன் நான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எதிரே இருந்த பெயர்ப்பலகையை அதே லென்ஸில் கூர்மையாகப் படம் எடுத்துக் காட்டினார்.

கிட்டே போனாலே பறந்துவிடுகிறதே?

நேராகப் போகாதீர்கள். எங்கோ வேறு வேலையாகப் போகிறவர் மாதிரிச் சாய்வாக நடங்கள், பத்தடிக்கு ஒருமுறை நின்று வேறு பக்கம் பாருங்கள். பறவை தின்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் நீங்களும் நின்றுவிட வேண்டும். இன்னும் நல்ல வழி, போகாமலே இருப்பது. மதகுக்கட்டையில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அவையே வரும்.

நத்தைக்குத்தி நாரையை நான் சரியாகப் பார்த்தது அப்படித்தான். மூடினாலும் அதன் அலகு நடுவில் சேராது, பாக்குவெட்டி மாதிரி இடைவெளி இருக்கும். அதில் நத்தையை வைத்து உடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதினைந்தடி தூரத்தில் அது தின்றதைப் பார்த்தபோது, ஓட்டை உடைக்கவே இல்லை. அலகு நுனியை நத்தை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் விட்டுக் குடைந்து, சதையை முழுசாக உருவி எடுத்தது. அது போன பிறகு அந்த இடத்தில் விரிசல்கூட இல்லாத நத்தை ஓடுகள் கிடந்தன.

எல்லா வெள்ளைக் கொக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

காலைப் பாருங்கள். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி இருந்தால் சின்னக் கொக்கு. மாட்டின் பக்கத்தில் குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக நடந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் நெஞ்சும் ஆரஞ்சாகும். மிச்சம் இரண்டு, பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். அலகு நிறத்தை நம்ப வேண்டாம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

அக்டோபரில் எங்கள் மாடியில் பல நிறத்தில் ஒரு குருவி மயங்கிக் கிடந்தது. யாரோ வளர்த்ததா?

பச்சை முதுகு, குட்டை வால், வயிற்றடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை என்றால் அது ஆறுமணிக்குருவி. விடியற்காலையிலும் அந்தி ஆறு மணி வாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். வடக்கிலிருந்து இரவில் வலசை வரும்போது களைத்தும் கண்ணாடியில் மோதியும் விழுகிறது. சென்னையில் ஒவ்வொரு வருஷமும் இப்படிச் சில வீடுகளில் நடக்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, இருட்டில் அமைதியாக விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சில மணி நேரத்தில் தெளிந்தால் மரநிழலில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். படம் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், பிள்ளைகள் கையில் கொடுத்து எடுக்க வேண்டாம்.

கூட்டையும் குஞ்சையும் எடுக்கலாமா?

வேடந்தாங்கல் மாதிரிக் கரையிலிருந்து தூரத்தில் தெரியும் கூடு என்றால் சரி. தேடிப் போய் எடுப்பது வேண்டாம். என் தப்பையே சொல்கிறேன்.

ஒரு மே மாதம் காய்ந்த ஏரிப் படுகையில் ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பறக்கும் படம் அருமையாகக் கிடைக்கிறதே என்று நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றேன். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர், என்னைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது என்பது மண்டையில் ஏறவில்லை. கிளம்பத் திரும்பியபோது, காலிலிருந்து நாலடியில், கூழாங்கல் நடுவே நான்கு முட்டைகள். கூடு என்று எதுவும் கிடையாது, வெறும் பள்ளம். சேற்று நிறம், கறுப்புத் திட்டு. குனிந்து பார்த்தும் நம்ப முடியவில்லை. மண்ணில் கை வைக்க முடியாத சூடு. அந்த வெயிலில் தாய்ப்பறவை உட்கார்ந்து நிழல் கொடுக்க வேண்டும், நெஞ்சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்க வேண்டும். நாற்பது நிமிஷம் நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்த வாரம் தூரத்திலிருந்து பைனாக்குலரில் பார்த்தேன், பறவை அங்கே இல்லை. குஞ்சு பொரித்து நகர்ந்ததா, கைவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படங்களை அழித்துவிட்டேன்.

போனில் குரலை ஓடவிட்டால் பறவை பக்கத்தில் வருமாமே?

வரும். எதிரி வந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும். செய்யாதீர்கள். ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிப்பதும், கூட்டமாகப் பறக்கும் படத்துக்காகப் பூநாரைகளை விரட்டுவதும் இதே ரகம். சரணாலயத்தில் டிரோன் சட்டப்படியே குற்றம்.

மழைக்காலத்தில் கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

பையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பாக்கெட், ஈரமானி ஒன்று. 40–50 சதவீதத்தில் இருக்கட்டும். அரிசி டப்பாவில் வைக்கும் யோசனை வேண்டாம், தூசிதான் சேரும். அப்புறம், வாரம் ஒரு தடவையாவது எடுத்து நாலு படம் எடுங்கள்.

பார்த்ததை எழுதி வைக்க வேண்டுமா?

எழுதுங்கள். தேதி, நேரம், தண்ணீர் மட்டம், பறவை, எண்ணிக்கை, ஐந்து போதும். பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் ஆப்பில் ஏற்றினால் உங்கள் ஏரியும் ஆய்வாளர்கள் கண்ணில் படும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று, தெரிந்தவற்றை எண்ணிப் பதிவேற்ற வேண்டும். வீட்டு மாடியிலிருந்தும் செய்யலாம். கரும்பு கடித்துக்கொண்டே காக்காய் எண்ணிய அனுபவம் எனக்கு உண்டு.

சின்னக் கேள்விகள் சில

என்ன நிறச் சட்டை? வெள்ளையும் பளிச் சிவப்பும் வேண்டாம், மற்றபடி வீட்டில் இருக்கும் பழையது.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? கட்டாயம். எட்டு மணிக்குள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுங்கள்.

பெயர் தெரியாவிட்டால்? மெர்லின் ஆப் குரலை வைத்துச் சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும். அதைவிட ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். எங்கள் ஏரியில் செம்போத்தின் கூடு எந்தப் புதரில் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் சொல்ல மாட்டார், கேமரா வைத்திருக்கிறேனாம்.